பூ கேட்டு எடுத்த துப்பாக்கி

காலையில் திருநீறு அணிந்து, பதிகம் ஓதி, தீபாராதனை காட்டிய கையால் பத்து மணிக்குத் துப்பாக்கியைத் தொட்டவன் நான். இரண்டும் ஒரு மனிதனிடம் எப்படிப் பொருந்தின என்று இன்றும் சிலர் கேட்பதுண்டு. எழுபதுகளின் பிற்பகுதியில் சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். என் மேலதிகாரிக்குக் குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் பொறுப்பு இருந்தது. அவர் ஒரே வாரத்தில் அலுவலகத்தில் பாதிப் பேரை அதன் உறுப்பினர்களாக்கிவிட்டார். மறுக்கத் தெரியாதவர்களின் பட்டியலில் நானும் இருந்தேன்.

சேரும்போதே ஒரு நியமம் செய்துகொண்டேன்: உயிருள்ள எதையும் நோக்கித் துப்பாக்கி நீட்டுவதில்லை. கழகத்திலும் அதற்கு இடமில்லை. ஏற்காட்டு மலையடிவாரத்தில் ஒரு மண்மேடு; அதன் முன்னே மரச்சட்டத்தில் காகிதம்; காகிதத்தின் நடுவில் கறுப்பு வட்டம். மூச்சை அடக்கி, மனத்தை ஒரு புள்ளியில் நிறுத்துகிற வேலை. பூசையறையில் இருபது ஆண்டுகளாக நான் முயன்று கைகூடாத ஒருமை, அந்த மணல்மூட்டையின் பின்னே படுத்திருந்தபோது சில கணங்களாவது கிட்டியது. பிறகு ஞாயிறுதோறும் மனைவியையும் மகளையும் அழைத்துச் சென்றேன். மகளுக்கு அப்போது பதினான்கு வயது. அஸ்தம்பட்டி வீட்டிலிருந்து பேருந்தில் போய், சுட்டுவிட்டு, கட்டுச்சோற்றைப் புளியமரத்தடியில் உண்டு திரும்புவோம். அலுவலகக் கோப்புகளுக்கும் சமையலறைக்கும் இடையே நாங்கள் மூவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

கழகத்தில் ஆண்டுக்கொரு முறை குடும்பப் போட்டி நடக்கும். வீட்டுக்கு மூன்று பேர். ஆளுக்கு ஐந்து குண்டு. மூவரும் ஒரே துப்பாக்கியைத்தான் பயன்படுத்த வேண்டும். எந்தத் துப்பாக்கி என்பதை முன்னதாகவே பதிவேட்டில் எழுதித் தரவேண்டும். முதல் ஆண்டுப் போட்டியில் என் மனைவியின் ஐந்து குண்டுகளில் மூன்று காகிதத்தைத் தொடவே இல்லை. அவளுடைய அண்ணன், அதாவது என் மைத்துனர், நாமக்கல்லில் லாரி வைத்து நடத்துபவர். அவரும் குடும்பத்தோடு போட்டிக்கு வந்திருந்தார். காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, ஓட்டைகளின் வழியே சூரியனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

"அம்மிணி, மூணு குண்டு எங்க போச்சுன்னு மலையேறிப் பாக்கட்டுமா? ஏற்காட்டுல எந்தக் காப்பித் தோட்டத்துல உளுந்துச்சோ!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் பிழை. அன்று பேருந்தில் அவள் என்னை விட்டு மகளோடு போய் உட்கார்ந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்:

"ஏனுங்க, அடுத்த போட்டிக்கு ஒரு வாட்டி வாரேன். அப்பவும் காயிதத்துல படலீன்னா, அதுக்கப்புறம் என்னையக் கூப்படக் கூடாது. நீங்களும் புள்ளையும் போய்ட்டு வாங்க. நான் ஊட்டுல இருந்துக்கறேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்குப் பரிசுக் கோப்பையைப் பற்றிக் கவலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விடுமே என்பதுதான் கவலை.

அடுத்த போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது கழகத்துக்கு இரண்டு துப்பாக்கிகள் புதிதாக வந்தன. இரண்டும் பாயிண்ட் டூ டூ என்று எல்லாரும் சொல்லும் சிறு தோட்டாவைச் சுடுபவை. முன்பு இருந்தவற்றில் ஒவ்வொரு முறையும் தாழைத் திறந்து தோட்டா இட வேண்டும். இவற்றிலோ ஒரு குண்டு வெடித்ததும் காலிக்கூடு தானே வெளியே தெறித்து, அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும்; விசையை மட்டும் மறுபடி இழுத்தால் போதும். ஒன்று கனத்தது. தோளில் சாத்தும் வாதுமை மரக் கட்டையில் மெருகு மின்னும். தோட்டாக்கள் அடியில் செருகும் சிறு பெட்டியில் இருக்கும். காலிக்கூடு வலப்பக்கம் பாயும். மற்றது ஒல்லியானது, பழையது. தோட்டாக்களைக் கட்டையின் உள்ளே ஒரு குழாயில் நிரப்ப வேண்டும். காலிக்கூடு கீழ்நோக்கி விழும். என் மகள் அந்தக் கணமே கனத்ததற்கு யானை என்றும் ஒல்லியானதற்கு நாரை என்றும் பெயரிட்டுவிட்டாள்.

எனக்கு யானையின் மேல்தான் ஆசை. கனம் இருந்தால் அசையாது. அசையாவிட்டால் மனைவியின் குண்டு காகிதத்தில் படும் என்பது என் கணக்கு. மகளுக்கு நாரையின் மேல் மோகம். இரவுச் சாப்பாட்டில் தொடங்கிய வாதம் காலைக் காபிவரை நீண்டது.

"யானையத் தூக்கிப் புடிக்கவே அம்மாவுக்கு ஒரு ஆளு வேணுமுங்கப்பா."

"தூக்க வேண்டாம் கண்ணு, மணல்மூட்டையில் சாத்தித்தானே சுடுகிறோம்."

"அப்ப மணல்மூட்டையே சுடட்டும்!"

மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். எது வேண்டும் என்று அவளை நாங்கள் இருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதே உண்மை.

கொங்கு நாட்டில் தீராத கேள்விக்கு ஒரு வழி உண்டு. பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா என்று மனம் இரண்டுபட்டால் குலதெய்வத்திடம் பூ கேட்பார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் ஒன்றுபோல் இலையில் மடித்து, சன்னதியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அது தெய்வத்தின் வாக்கு. எங்கள் குலதெய்வத்தின் கோயில் மல்லசமுத்திரத்துக்கு அருகே காட்டு நடுவில் இருக்கிறது. சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போனேன். பூசாரி என்ன காரியம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கையில் இருந்த வேப்பிலை அப்படியே நின்றது.

"ஏனுங்க, கல்யாணத்துக்குக் கேட்டிருக்கறாங்க, போர்க்கெணறு போடறதுக்குக் கேட்டிருக்கறாங்க. துப்பாக்கிக்குப் பூக் கேட்டு நான் பார்த்ததில்லீங்க. சாமி பயந்துக்காதுங்களா?"

"காகிதத்தைத்தான் சுடுகிறோம் பூசாரி."

"அப்பச் சரிங்க. சாமிக்குக் காயிதத்தோட சண்டையில்லீங்க."

வெள்ளையை யானைக்கும் சிவப்பை நாரைக்கும் வைத்தேன். வெள்ளை வரவேண்டும் என்று மனத்துக்குள் வேண்டியும் கொண்டேன். தெய்வத்திடம் கேள்வி கேட்டுவிட்டு விடையையும் நானே சொல்லிக்கொடுத்த அந்த அடக்கமின்மையை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மகள் எடுத்தாள். பிரித்தால் வெள்ளை. அவள் முகம் சுருங்கியது. என் முகம் மலர்ந்தது. ஊர் திரும்பியதும் நேரே கழகத்துக்குப் போய்ப் பதிவேட்டில் யானையை எழுதிவிட்டேன்.

மறுநாள் பயிற்சி. சுடுதளத்தின் பொறுப்பாளர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். என் மனைவி படுத்தாள். நான் வழக்கம்போல் அருகில் அமர்ந்து, "வலத்தோளில் அழுத்து, கன்னத்தைச் சாய், மூச்சை விடு" என்று மந்திரம்போல் ஓதினேன். யானை அசையவில்லை. குண்டும் காகிதத்தில் படவில்லை. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் மண்மேட்டுக்கே போய்ச் சேர்ந்தன. அவள் கழுத்தை ஒரு மாதிரி வளைத்து, முகத்தைக் கட்டைக்கு அந்தப்புறம் கொண்டுபோக முயல்வதைச் சுபேதார் கவனித்தார்.

"அம்மா, கொஞ்சம் எழுந்துக்குங்க. ரெண்டு கையையும் நீட்டி, விரலால சின்னதா ஒரு ஓட்டை பண்ணி, அது வழியா என் மூக்கைப் பாருங்க."

அவள் கைகளை நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு துளை செய்து பார்த்தாள். துளையின் வழியே அவருக்குத் தெரிந்தது அவளுடைய இடக்கண்.

"உங்களுக்கு இடது கண்ணுதான் குறி பார்க்குது. நீங்க இடது கைக்காரங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். மகள் முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க மாமா! மாடியில வத்தல் காயப்போட்டா, காக்காயத் தொரத்தறதுக்கு அம்மா கல்லு எடுத்துத் தண்ணித்தொட்டி மூடி மேல அடிப்பாங்க. இந்தக் கையிலதான். ஒரு வாட்டிகூடத் தப்பாது!"

பதினாறு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவன் நான். அந்த மூடி 'டங்' என்று ஒலிப்பதைத் தினமும் கேட்டிருக்கிறேன். எறிந்த கை எது என்று பார்த்ததில்லை. பிறந்த வீட்டில் அவளுடைய இடக்கைப் பழக்கத்தை அடித்துத் திருத்தியிருந்தார்களாம்; அதை அவள் என் கண்முன் மீறியதே இல்லை.

"அப்ப இடது தோளுக்கு மாத்துங்க" என்றார் சுபேதார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "பீச்சங்கையிலா? நல்ல காரியத்துக்கு..." என்று தொடங்கினேன்.

மனைவி துப்பாக்கியை மணல்மூட்டையின் மேல் மெதுவாக வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, கோயிலுக்குப் போய் என்ன கேட்டீங்க?"

"எந்தத் துப்பாக்கி என்று கேட்டேன்."

"சுடறது யாருன்னு சாமிகிட்டச் சொன்னீங்களா? அவளுக்கு எந்தக் கை தோதுன்னு கேட்டீங்களா? அத்தன தூரம் பஸ்ஸேறிப் போனீங்க, அடுப்படிக்கு வந்து என்னைய ஒரு வார்த்தை கேக்கலியே!"

அவள் நிறுத்தவில்லை.

"மாசம் தவறாம திருச்செங்கோட்டு மலையேறிப் பாடறீங்க. அங்க நிக்கற சாமிக்கு எடப்பக்கம் பூராப் பொம்பளைதானுங்க. அத அப்படி உருகிப் பாடிப்போட்டு, ஊட்டுக்கு வந்து என்ற கையப் பீச்சங்கைங்கறீங்க."

சுபேதார் தம் தொப்பியைச் சரிசெய்யும் சாக்கில் திரும்பிக்கொண்டார். இடப்பாகம் ஈந்த பெருமானைப் புகழும் பாடல்களை நூற்றுக்கணக்கில் நெஞ்சில் வைத்திருந்தேன். ஒன்றின் பொருளும் என் நெஞ்சைத் தாண்டி வீட்டுக்குள் வரவில்லை. "மாற்றிக்கொள்" என்றேன்.

இடத்தோளில் யானையைச் சாத்தி அவள் சுட்டாள். குண்டு கறுப்பு வட்டத்தின் விளிம்பில் பாய்ந்தது. மகள் துள்ளினாள். மறுகணம் என் மனைவியும் துள்ளினாள். வலப்பக்கம் தெறித்த சுடுகின்ற பித்தளைக்கூடு அவளுடைய வலது முழங்கை மடிப்பில் போய் உட்கார்ந்திருந்தது. "ஐயோ சாமி!" என்று கையை உதறி எழுந்தவள், நெருப்புக்கோழிபோல் மண்மேட்டுப் பக்கமாக ஓடாமல் சுபேதார்தான் தடுத்தார். மூன்று முறை சுட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் அதே மடிப்பு. நான்காவது முறை, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது இடது கைக்காரங்களுக்கு ஆகாதுங்க ஐயா. அந்த ஒல்லியானது கூட்டைக் கீழே போடும். அதுதான் இவங்களுக்குச் சரி" என்றார் சுபேதார்.

ஆனால் யானை தெய்வ வாக்கு அல்லவா! அன்று மாலைவரை பதிவேட்டைத் திருத்த அவகாசம் இருந்தது. புளியமரத்தடியில் கட்டுச்சோற்றை முன்னே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். குலதெய்வம் தந்ததை மறுத்தால் குற்றம். மறுக்காவிட்டால் இவள் சொன்ன சொல்லின்படி போட்டி முடிந்ததும் ஞாயிறுதோறும் வீட்டில் இருந்துவிடுவாள். என் தவிப்பைக் கண்டு அவளுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"யானையக் கையில எடுத்ததாலதானுங்க என்ற கை எதுன்னு தெரிஞ்சுது. சாமி அதுக்குத்தான் குடுத்திருக்கும். வேல முடிஞ்சுது, திருப்பிக் குடுத்துருங்க."

இதைவிடத் தெளிவான உரையை நான் எந்த அறிஞரிடமும் கேட்டதில்லை. எழுந்து போய் யானையை அடித்து நாரையை எழுதினேன். திருத்தத்தின் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும் என்றார் சுபேதார். காரணம் என்ன எழுதுவது என்று கேட்டேன். "வீட்டம்மா உத்தரவுன்னு எழுதுங்க. இங்க பாதிப் பேருக்கு அதுதான் காரணம்" என்றார்.

போட்டி நாளில் நாங்கள் கைவிட்ட யானையை மைத்துனர் எடுத்திருந்தார். தங்கை இடப்புறமாகப் படுப்பதைக் கண்டதும் அவருக்குத் தாங்கவில்லை.

"என்ன மாப்ள, ஸ்டியரிங்க எடப்பக்கம் மாத்திட்டீங்களா? வண்டி எதிர்ல வந்து மோதிறப் போவுது!"

"நீ உன்ற ரோட்டப் பாத்து ஓட்டுண்ணா" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

ஐந்து குண்டு. ஒவ்வொன்றுக்கும் இடையே பித்தளைக்கூடு பணிவாகக் கீழே பாயில் உருண்டது. காகிதம் வந்தபோது ஐந்து ஓட்டைகளும் இருந்தன; மூன்று கறுப்புக்குள். மைத்துனர் காகிதத்தை வாங்கி வெயிலில் பிடித்தார். சிரிக்கவில்லை. "அட!" என்றார். பிறகு, "எங்கப்பன் உன்னைய அடிச்சுத் திருத்துனது தப்பாப் போச்சு அம்மிணி" என்றார். அவள் காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்து, கட்டுச்சோற்றுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மகளும் நன்றாகவே சுட்டாள். கடைசியாக நான். மனம் நிறைந்திருந்தது; கண்ணும் சற்றே நிறைந்திருந்தது. முதல் நான்கு குண்டுகள் குறையில்லாமல் போயின. ஐந்தாவது எங்கே என்று தேடினார்கள். பக்கத்துச் சட்டத்தில் மைத்துனரின் காகிதத்தில் ஆறு ஓட்டைகள் இருந்தன. அடுத்தவர் காகிதத்தில் சுட்டால் சுட்டவருக்கே தண்டப் புள்ளி. அதில் நாங்கள் இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு இறங்கினோம்.

"மாப்ள, எனக்கு மொய் வச்சுட்டாரு!" என்று மைத்துனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி அவரைவிட உரக்கச் சிரித்தாள். திரும்பும் வழியெல்லாம், பேருந்து நடத்துநர் எட்டிப் பார்க்கும் அளவுக்குத் தாயும் மகளும் அந்த ஆறாவது ஓட்டையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கூப்பிடக் கூடாது என்ற பழைய பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை பூசையில் இருந்தேன். பதிகத்தின் ஏழாம் பாட்டில், பூசையறை வாசலில் அவள் நிழல் விழுந்தது. புடவை மாற்றி, பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"ஏனுங்க, மிச்சத்தக் கொஞ்சம் வெரசாப் பாடுங்க. நேரமாப் போகலீன்னா நாரைய வேற யாராச்சும் எடுத்துக்குவாங்க."