கொரியக் கொப்பியின் மிச்சம்

நான் தங்கியிருந்த அக்கா வீட்டில் அத்தானிடம் இருந்த வீடியோ டெக், எந்த நாட்டுக் கசட் கொப்பியைப் போட்டாலும் காட்டும். எம்மன்புரூக்கேயில் எங்கள் கட்டிடத்துச் சுவிஸ்காரர் எவரிடமும் அப்படி ஒன்று இல்லை. அவர்களுக்குத் தேவையும் இல்லை. எங்களுக்குத்தான் கனடாவில் கலியாணம், லண்டனில் பிறந்தநாள் என்று கொப்பி கொப்பியாக வந்துகொண்டிருக்கும். ஒரு நாட்டுக் கொப்பியை இன்னொரு நாட்டு டெக்கில் போட்டால் கோடு கோடாக ஓடும்.

கீழ்மாடிக் கொரியப் பெண்ணை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்த டெக்தான். தாதியாக வேலைக்கு வந்து சுவிஸ்காரர் ஒருவரைக் கட்டியவர். நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற முறை எங்களுக்கும் அவருக்கும் அடுத்தடுத்த நாளில் வரும். தமக்கை சியோலிலிருந்து அனுப்பிய சரித்திர நாடகம் தன் டெக்கில் தெரியவில்லை என்று ஒருநாள் அழாக்குறையாகச் சொன்னார். மேலே கொண்டுவாருங்கள் என்றேன்.

அதன்பிறகு சனிக்கிழமைப் பின்னேரங்களில் மூன்று பேரும் தேத்தண்ணியோடு உட்கார்ந்துவிடுவோம். அவர் டொச்சில், அதுதான் ஜெர்மனில், கதை சொல்வார். எனக்கு விளங்கியதை நான் அக்காவுக்குத் தமிழில் சொல்வேன். விளங்காததையும் சொல்வேன்.

அரண்மனைக்கு நிச்சயிக்கப்பட்ட ஒரு பெண். இளவரசனோ வேறொருத்தியில் ஆசைப்பட்டு அவளைக் கட்டிவிடுகிறான். பெண்ணின் வீட்டாருக்குத் தெரியும். தகப்பனின் பதவி போய்விடும் என்ற பயத்தில் அவளுக்கு மட்டும் சொல்லமாட்டார்கள். அவள் பின்வீட்டில் இருந்து கலியாண உடுப்புத் தைத்துக்கொண்டே இருப்பாள். அக்கா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவாள். "உவளுக்குச் சொல்லித் துலைக்கலாம்தானே! உதுகளும் ஒரு சகோதரங்களோ?" என்று திட்டுவாள். நானும் சேர்ந்து திட்டுவேன். கடவுள் இவ்வளவு பச்சையாகச் சாடை காட்டியும் மரமண்டை எனக்கு உறைக்கவில்லை.

எனக்கும் கனடாவில் ஒருவரைப் பேசியிருந்தது. அத்தானின் தம்பி. விசாப் பேப்பர் சரிவந்ததும் என்னை அங்கே எடுப்பிப்பார் என்று மூன்று வருடம் காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் நவநாள் செபம் சொன்னேன். அவரின் படத்தைப் பேர்சுக்குள் வைத்திருந்தேன், கொரியப் பெண்ணுக்கும் நிலவறையில் எடுத்துக் காட்டியிருக்கிறேன். இடையில் சோலோதுர்னிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. ஆள் நேரில் வந்து, என்னோடு மரியாதையாகக் கதைத்துவிட்டும் போனார். எனக்கு மனம் கொஞ்சம் ஆடியதுதான். "சொல்லு மாறக்கூடாது பிள்ளை, இன்னும் கொஞ்சம் பொறு" என்றாள் அக்கா. வேண்டாம் என்று சொல்லியனுப்பினோம். மாரிக்காலத்துக்குள் அவருக்கு வேறிடத்தில் கலியாணம் முடிந்துவிட்டது.

நாடகத்தின் கடைசிக் கொப்பி ஓல்டனில் இருந்த இன்னொரு கொரியப் பெண்ணுக்குப் போகவேண்டி இருந்தது. போகமுதல் அதை நாங்களும் பதிந்து வைப்போம் என்றாள் அக்கா. அத்தான் கூட்டாளியிடம் இன்னொரு டெக் இரவல் வாங்கிவந்தார். அக்கா அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தாள். லேபலைச் சுரண்டி எடுத்திருந்தது. அழித்துப் பதியாமல் இருக்க உடைத்துவிடும் சின்னத் துண்டும் உடைந்திருந்தது. அந்தத் துவாரத்தில் ஒட்டுவதற்கு செலோடேப் வெட்டிக் கொடுத்தவள் நான்தான்.

ஒரு மாதம் கழித்து, வேலைநாள் ஒன்றில், முடிவை இன்னொருமுறை பார்க்க ஆசையாயிருக்கிறது என்று கொரியப் பெண் மேலே வந்தார். அக்கா காலை வேலைக்குப் போயிருந்தாள். அவளின் பிள்ளைகளைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வந்து நான் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். நாடகத்தில் தகப்பனுக்கு அரச கட்டளையாக விஷக் கிண்ணம் வந்தது. தமையனை நாடு கடத்தினார்கள். அவள் தான் தைத்த கலியாண உடுப்பை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினாள். எழுத்து ஓடி முடிந்தது. எழும்பி நிற்பாட்ட எங்கள் இருவருக்கும் பஞ்சி; சோம்பலில் அப்படியே இருந்துவிட்டோம்.

படம் இரண்டுதரம் துள்ளியது. பிறகு, பழைய கொப்பியில் அழிபடாமல் கிடந்த மிச்சத்தில், ஒரு கலியாண மண்டபம் தெரிந்தது.

"உங்கள் ஆட்களின் கலியாணமா? வடிவாயிருக்கிறது" என்று கைதட்டினார் கொரியப் பெண். கமரா மாப்பிள்ளையின் முகத்துக்குக் கிட்டப் போனது. கொரியப் பெண் கைதட்டுவதை நிற்பாட்டினார். என்னைப் பார்த்தார். என் பேர்சுக்குள் இருந்த அந்த முகத்தைத்தான் அவர் கண்டிருந்தாரே. மெல்ல ரிமோட்டை எடுத்து, "நிறுத்தட்டா?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றேன்.

மூலையில் திகதி தெரிந்தது. சோலோதுர்ன் சம்பந்தம் வருவதற்கு ஆறு கிழமைக்கு முந்திய திகதி. மாப்பிள்ளை கேக் வெட்டினார். ஒரு துண்டைப் பொம்பிளைக்கு ஊட்டினார். ஆளைப் பார்த்தால் சந்தோசமாகத்தான் இருந்தார்.

பிறகு வாழ்த்துமடல் வாசித்தார்கள். வரமுடியாத சொந்தக்காரர் அனுப்பிய மடல்களை ஒருவர் மைக்கில் நீட்டி முழக்கி வாசிப்பார், அடியில் இருக்கும் பெயர்களையும் விடமாட்டார். சுவிஸ் மடல் இரண்டாவது. இல்லறம் நல்லறமாகப் பல்லாண்டு வாழ்க என்று பாட்டாகவே எழுதியிருந்தது. அண்ணன், அண்ணி, பெறாமக்கள் என்று வாசித்துக்கொண்டு வந்தவர், கடைசியில் "அன்பு மச்சாள்" என்று என்னுடைய பெயரை வாசித்தார். சபை கைதட்டியது.

கொரியப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தன் பெயரைப்போல என் பெயரும் தெரியும். அயன் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு, என் கையைக் கொஞ்சநேரம் பிடித்திருந்துவிட்டுப் போனார்.

மத்தியானம் அக்கா வந்தபோது கொப்பியைப் பின்னுக்கு ஓட்டி, மாப்பிள்ளையின் முகத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்றுவிட்டாள்.

"அத்தான்தான் இப்ப சொல்லவேண்டாமெண்டவர்" என்றாள். "அம்மா ஊரில கேட்டால் தாங்கமாட்டா." நான் திரையைக் கைகாட்டினேன். கடைசியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். "நீ சோலோதுர்னுக்குப் போனால், நான் வேலைக்குப் போற நேரம் பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

அதைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். அவளின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஒன்றுதான் கேட்டேன்.

"அப்ப, அந்த வாழ்த்துமடலில என்ர பேரை ஏன் போட்டனீங்கள்?"

அக்கா நிமிர்ந்தாள். இது என்ன கேள்வி என்பதுபோல, உண்மையாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னாள்:

"போடாட்டி, நாங்கள் உனக்கு ஏதோ அநியாயம் செய்துபோட்டமெண்டெல்லோ ஆக்கள் கதைப்பினம்!"