கொடியேற்றமும் கோழிமுட்டையும்

எழுபதுகளின் நடுவில், தென்னிலங்கையில் மாமாவின் கடையில் தராசு பிடித்து அலுத்துப்போய், ஊருக்குத் திரும்பி புளியங்கூடலில் ஒரு கோழிப்பண்ணை போட்டேன். "ஒரு வருசம் தாக்குப்பிடிக்கமாட்டாய், திரும்பி இஞ்சைதான் வருவாய்" என்று மாமா சொல்லி அனுப்பினார். பண்ணையைத் தாங்கியது பட்டணத்துப் பேக்கரி ஒன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை போகவேண்டும். ஒரு தடவை பிசகினாலும் வேறு ஆள் பார்ப்பேன் என்று பேக்கரிக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமாவின் கடையை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

வேலைக்கு மூன்று பெண்கள். அவர்களில் மூத்த அக்காதான் உண்மையான முதலாளி. நான் சம்பளம் கொடுப்பவன், அவ்வளவுதான். ஆனி மாதம் நயினாதீவு அம்மன் கோயிலில் கொடியேறிய அன்று அவர் வந்து, "தம்பி, தேர் தீர்த்தம் முடியுமட்டும் நாங்கள் விரதம். மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லை, முட்டையும் தொடமாட்டம்" என்றார்.

"கோழிக்குத் தீன் போடுவியளோ?"

"ஓம், ஏன் போடாமல்? கோழி உயிரோட நிக்குது. முட்டைதான் மச்சம்."

"முட்டை கோழிக்குள்ளதானே அக்கா இருந்தது?"

"உள்ளுக்க இருக்குமட்டும் அது கோழி."

இந்த வாதத்தில் சட்டம் படித்தவர்களே தோற்றுப்போவார்கள்.

ஆகவே அத்தனை நாளும் முட்டை பொறுக்கியது நான். கோழிகளுக்கு என் கையைப் பிடிக்கவில்லை, கொத்தித் தள்ளின. வீட்டிலே மனைவியும் விரதம். "முட்டை தொட்ட கையோட சமைக்கிற குசினிப் பக்கம் வராதேங்கோ" என்று கிணற்றடியில் சோற்றை வைத்துவிட்டுப் போனாள்.

தேர் நாளும் பேக்கரி நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. மூன்று பெண்களும் விடியவே நயினாதீவுக்குப் போய்விட்டார்கள். நான் கூடையோடு பட்டணம் போகும் பஸ்ஸை மறித்தேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்ற கொண்டக்டர், "கோயிலுக்கு ஆள் ஏத்தப் போற பஸ் அண்ணை, மச்சம் ஏத்தேலாது" என்று மணியை அடித்துவிட்டான். கோபித்து என்ன செய்ய? மாமாவின் தராசு கண்ணுக்குள் ஆடியது. கூடையைச் சைக்கிள் கரியரில் கட்டினேன். அல்லைப்பிட்டி தாண்டியதும் சோளகக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ள, ஒவ்வொரு குழியிலும் பின்னால் 'சடக்' என்று உடைந்து முதுகில் தெறித்தது.

பேக்கரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேக்குக்குப் போடுற முட்டையை நீர் உடம்பில பூசிக்கொண்டு வந்திருக்கிறீர்" என்றார். ஆனாலும் உடையாததை எடுத்துக்கொண்டார். வேறு ஆள் பார்க்கவில்லை.

தீர்த்தம் முடிந்து அக்கா திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்தார். கையை நீட்டினேன்.

"கையை எடும் தம்பி, முட்டைக் கை" என்று தானே என் நெற்றியில் பூசிவிட்டார். பிறகு குரல் தணிந்து, "பண்ணை மூடப்படாது, தம்பி மாமன்ரை கடைக்குத் திரும்பிப் போகப்படாது எண்டு அம்மாளிட்டை அழுது கும்பிட்டனான்" என்றார்.

இத்தனை நாளும் மனதுக்குள் அவரைத் திட்டியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"நேர்த்தியும் வைச்சிட்டன்."

"என்ன நேர்த்தி அக்கா?"

"வாற வருசம் கொடியேறினால் நீரும் எங்களோட விரதம்."