பால் பண்ணை, சர்க்கரை ஆலை, ஐஸ் பேக்டரி வழி

பதினாலாம் நம்பர் பஸ்ஸுக்கு வழித்தடம் போட்டவர் யாரோ தெரியாது. அவர் மட்டும் கையில் கிடைத்தால் மைக்கக்கா நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டார். "பதினான்காம் எண் பேருந்து, பால் பண்ணை, சர்க்கரை ஆலை, ஐஸ் பேக்டரி வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி வரை செல்லும்." இருபது நிமிடத்துக்கு ஒரு நடை, ஒவ்வொரு நடைக்கும் இரண்டு தடவை. எட்டு மணி நேர வேலையில் நாற்பத்தெட்டு தடவை. இப்படி இருபத்திரண்டு வருடம். ஐஸ்கிரீமே சாப்பிடக் கூடாத ஒரு மனுஷியைப் பிடித்து உட்காரவைத்து, ஐஸ்கிரீம் செய்முறையை ஒலிபெருக்கியில் வாசிக்கச் சொன்னால் அவர் என்னதான் செய்வார்? பால் பண்ணையில் நாக்கு நனையும். சர்க்கரை ஆலையில் எச்சில் ஊறும். ஐஸ் பேக்டரி வந்ததும் மைக்கை ஒரு விநாடி அணைத்து, மடக்கென்று விழுங்கிவிட்டு, மறுபடி போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். அந்த இடைவெளியைப் பயணிகள் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டோடு சரி. டிரைவர், கண்டக்டர், நடைமேடை கூட்டுகிறவர், அக்காவைவிட ஐந்து வயது பெரியவரான நிலைய மேலாளர், எல்லாருக்கும் அவர் மைக்கக்காதான். மூன்றாம் நடைமேடைக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு அவருடைய ராஜ்ஜியம். உள்ளே ஒரு மேசை, அட்டையில் ஒட்டிய நேர அட்டவணை, வெந்நீர் பிளாஸ்க், மைக். மைக்கின் தலைக்கு அக்கா தன் கணவருடைய பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டியிருந்தார். அந்த நிலையத்தில் ஒருவரும் சேர வேண்டிய இடம் தப்பியதில்லை என்பதில் அக்காவுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒரே ஒரு தடவை தப்பியது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், அக்கா இரண்டு கப் ஐஸ்கிரீமை ஒரே மூச்சில் முடித்தார். மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. 'ரயில் ரோடு' என்று சொன்னது 'ஜெயில் ரோடு' என்று கேட்டது. ரயிலைப் பிடிக்க வேண்டிய நாற்பது பேர் மூட்டை முடிச்சோடு ஜெயில் வாசலில் போய் இறங்கினார்கள். ஒருத்தர் உள்ளே போய் டிக்கெட் கவுன்டர் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க தொண்டைக்கும் ஐஸுக்கும் ஜென்மப் பகைம்மா. ஒண்ணு வேலை, இல்லன்னா ஐஸ்கிரீம். ரெண்டுல எது வேணும்னு யோசிச்சுக்குங்க."

அக்கா வேலையைத் தேர்ந்தெடுத்தார். ஐஸ்கிரீமை மறந்தார் என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

காவலுக்கு வீட்டில் கணவர் இருந்தார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். ஒரு கண்ணில் எப்போதும் பூதக்கண்ணாடியைச் சொருகியிருப்பார், சாப்பிடும்போதுகூடச் சமயத்தில் கழற்ற மறந்துவிடுவார். அதிர்ந்து பேசாத மனுஷர். பேச வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை, ஏனென்றால் அக்கா வீட்டிலும் அறிவிப்பாகவே பேசுவார். "உங்கள் கனிவான கவனத்திற்கு. சோறு வெந்துவிட்டது. மீண்டும் சொல்கிறேன், சோறு வெந்துவிட்டது." கடிகாரக்காரர் இரண்டாவது தடவைக்குத்தான் எழுந்திருப்பார். ஐஸ்கிரீம் கடை இருக்கும் தெரு வந்தால் மட்டும் அக்காவின் கையைப் பிடித்து எதிர் வரிசைக்கு இழுத்துக்கொண்டு போவார்.

"உன் பஸ்ஸே சொல்லுதே, கேக்கலையா? பால், சர்க்கரை, ஐஸ். அப்புறம் நேரா ஆஸ்பத்திரி."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு திங்கட்கிழமை மேலாளர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"மைக்கக்கா, நல்ல சேதி! புது மெஷின் வருது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை உங்க குரலை ஒரே ஒரு தடவை பதிவு பண்ணிட்டாப் போதும். அப்புறம் அதுவே பேசிக்கும். நீங்க நிம்மதியா கீழ உக்காரலாம்."

"கீழன்னா எங்க சார்?"

"தவறவிட்ட பொருட்கள் அறை. பேச்சே கிடையாது. குடை, செருப்பு, டிபன் பாக்ஸ் அவ்வளவுதான்."

அந்த மைக்கை விட்டால் அக்காவுக்கு வேறு எதுவும் தெரியாது, வேறு எதுவும் வேண்டியதும் இல்லை. அழுதால் தொண்டை கட்டும் என்று அழவும் இல்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நினைத்தோ என்னவோ, "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் உன் தொண்டை உன்னோடது. இஷ்டத்துக்கு ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்றார்.

"கடையிலயா?"

"கடை ஐஸ்கிரீம் எதுக்கு? நானே பண்றேன். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு மட்டமா எதையும் குடுக்கக் கூடாது."

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். பாலைச் சுண்டக் காய்ச்சினார். சர்க்கரையைக் கடிகாரத் திருகாணி எண்ணுகிறவர் மாதிரி அளந்தார். முதல் ஈடு கல்லாக உறைந்தது. கரண்டி வளைந்ததே தவிர ஐஸ்கிரீம் அசையவில்லை. இரண்டாவது ஈட்டில் கிரீமை அளவுக்கு மீறி அடித்து வெண்ணெயாக்கிவிட்டார். அதை ஒரு வாரம் ரொட்டியில் தடவித் தின்றார்கள். மூன்றாவது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடிகாரக்காரர் ஒரு துளியை எடுத்து விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உள்ள ஐஸ் கல்லு இருக்கு. அரை மணிக்கு ஒரு தடவை எடுத்து அடிச்சாத்தான் உடையும்."

"எனக்குக் கல்லு பரவால்லைங்க. ஒரு ஸ்பூன்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்" என்றார் கடிகாரக்காரர்.

நாலாவது ஈட்டை வியாழக்கிழமை மத்தியானம் டப்பாவில் ஊற்றி ஃபிரீசரில் வைத்தார். தொண்டைக்கு ஓய்வு கொடுப்பதற்காக அக்கா லீவில் இருந்தார். எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து மணிக்கூண்டு கடிகாரம் நின்றுபோய், ஆள் விட்டுக் கடிகாரக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் அவசர அவசரமாக ஐந்து அலாரம் கடிகாரங்களை அரை மணிக்கு ஒன்றாகத் திருகி மேசையில் வரிசையாக வைத்தார்.

"அலாரம் அடிச்சா டப்பாவை எடு. மூணு நிமிஷம் அடி. மூடி வை. வாயில மட்டும் வெக்காத. நாளைக்கு உன் குரல் போச்சுன்னா காலத்துக்கும் போச்சு."

"எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா.

முதல் அலாரத்துக்கு அக்கா நேர்மையாகத்தான் அடித்தார். முகர்ந்து மட்டும் பார்த்தார். இரண்டாவதில் கரண்டியில் ஒட்டியிருந்ததை என்ன செய்வது என்று ஒரு தர்மசங்கடம் வந்தது. கழுவிக் கொட்டினால் பால் வீண். நக்கினார். அவ்வளவுதான். நாக்கில் பட்டது தொண்டையைத் தாண்டி உச்சந்தலைக்கு ஏறியது. சந்தோஷத்தில் அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மூன்றாவது அலாரத்துக்கு இனிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். நாலாவதுக்கு, அடியில் இருப்பதும் மேலே இருப்பதும் ஒரே ருசிதானா என்று பார்த்தார். ஐந்தாவது அலாரம் அடித்தபோது டப்பாவில் அடிப்பதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொன்ன வேலை சொன்ன வேலைதான் என்று, காலி டப்பாவை மூன்று நிமிடம் அடித்து மூடி வைத்தார்.

கடிகாரக்காரர் வந்ததும் நேராக ஃபிரீசரைத் திறந்தார். டப்பாவின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு கல்லுகூட இல்ல! இதுதான் பதம்!" என்று பூரித்துப்போனார். அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. "மிச்சம் எங்க?"

"உங்கள் கனிவான..." என்று ஆரம்பித்தார் அக்கா. தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம் வந்தது.

கஷாயம், ஆவி, உப்புத் தண்ணீர், ஒன்றும் பலிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவாளர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். அக்கா முதல் வரியை முடித்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்: "அழறீங்களாம்மா?"

"இல்ல. படிக்கிறேன்."

அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை பெரிய அதிகாரி வந்து பொத்தானை அமுக்குவதாக ஏற்பாடு. "மெஷின்ல போட்டுச் சுத்தம் பண்ணிடுங்க சார்" என்றார் மேலாளர். மெஷின் கரகரப்பை மட்டும் நன்றாகச் சுத்தம் செய்தது. மிச்சம் இருந்தது விசும்பல்.

திங்கட்கிழமை அதிகாரி பொத்தானை அமுக்கிவிட்டுப் போனார். "பதினான்காம் எண் பேருந்து..." என்று ஒலிபெருக்கி தழுதழுத்தது. "பெரிய... ஆஸ்பத்திரி வரை... செல்லும்." பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓர் அம்மாள் கண்டக்டரின் தோளைத் தொட்டு, "யாருக்குப்பா? சின்ன வயசா?" என்றார். சிலர் இறங்கியே போய்விட்டார்கள். சம்பந்தமே இல்லாத ஒருவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஏறினார்.

மூன்றாம் நாள் பதினாலாம் நம்பர் டிரைவர் மேலாளர் அறைக்குள் புகுந்தார். "சார், என் வண்டில எல்லாரும் சாவு வீட்டுக்குப் போற மாதிரி உக்காந்திருக்காங்க. எனக்கு ஹாரன் அடிக்கவே கூச்சமா இருக்கு." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஜெயிலிலிருந்து. "உங்க ஆளுங்க மூட்டையோட வந்து நிக்கறாங்க. மறுபடியுமா சார்?"

அக்கா கீழே, நூற்றிப்பதினேழு குடைகளுக்கும் யாரோ ஒருவருடைய பல்செட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். தன் குரல் தன்னை விட்டுவிட்டு மேலே தனியாக அழுதுகொண்டிருப்பதை நாளுக்கு நாற்பத்தெட்டு தடவை கேட்டார். மனசு விட்டுப்போயிற்று. கடிகாரக்காரர் தினமும் ஐஸ்கிரீம் செய்து நீட்டினார். கல் இல்லை, பதம் தப்பவில்லை. அக்கா ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார்.

"ஏன், நல்லால்லையா?"

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா நாக்குல எதுவும் ஊறமாட்டேங்குது. நான் சொன்னாத்தானே ஊறும்?"

கடிகாரக்காரர் மறுநாள் ஐஸ்கிரீம் செய்யவில்லை. வெந்நீர் வைத்தார்.

எட்டாம் நாள் மேலாளர் தவறவிட்ட பொருட்கள் அறை வாசலில் வந்து நின்றார். எதையோ தொலைத்தவர் மாதிரிதான் நின்றார். "மைக்கக்கா, தொண்டை எப்படி இருக்கு?"

"பதினான்காம் எண் பேருந்து" என்றார் அக்கா. நூற்றிப்பதினேழு குடைகளும் அதிர்ந்தன.

வயிற்றில் பால் வார்த்தது போல மேலாளர் பெருமூச்சு விட்டார். கூண்டின் சாவியை எடுத்து நீட்டினார். அக்கா இரண்டிரண்டு படியாக ஏறினார். சாக்ஸ் இருந்த இடத்தில் இருந்தது. பால் பண்ணையில் நாக்கு நனைந்தது, சர்க்கரை ஆலையில் எச்சில் ஊறியது, ஐஸ் பேக்டரியில் மைக்கை அணைத்து ஆசை தீர விழுங்கினார். கீழே டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தார்.

மேலாளர் கூண்டு வாசலிலேயே தயங்கி நின்றார். "ஆனா மெஷினைச் சும்மா வெக்க முடியாதுக்கா, மேல கேப்பாங்க. அடுத்த மாசம் இன்னொரு தடவை பதிவு வெச்சுக்கலாமா? உங்க குரல் நல்லா இருக்கற நாளாப் பாத்து?"

அக்கா பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தார்.

"தாராளமா வெச்சுக்கலாம் சார். ஒரு நாள் முன்னாடி மட்டும் சொல்லிடுங்க. தொண்டையத் தயார் பண்ணிக்கணும்."

மேலாளர் அதை மறக்காமல் டைரியில் எழுதிக்கொண்டார்.