குண்டடம் தியான இல்லத்தில் பேசாத இரண்டு நாள்

பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போன பிறகும் காதுக்குள் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது... பனியன் கம்பெனி மெஷின் சத்தம். திருப்பூரில் இருக்கும்வரை அது காதில் இருப்பதே தெரியாது. குண்டடம் பக்கம் அந்த மானாவாரி மேட்டாங்காட்டில் நின்றபோதுதான் தெரிந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். ரோட்டிலிருந்து தியான இல்லத்துக்கு மண்பாதை. இருபக்கமும் சோளத்தட்டு அறுத்த காடு, நடுநடுவே வெள்வேல மரங்கள். என் கணவர் முன்னால் நடந்தார். அவர் தோளில் என் பை. இரண்டு நாள் தியானத்துக்கு இத்தனை பெரிய பை எதற்கென்று அவர் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையிலும் நாங்கள் இல்லை.

எங்கள் முதல் பிள்ளை குறைமாதத்தில் பிறந்து, ஒரு பகல்கூட இருக்காமல் போய்விட்டான். ஷிப்மென்ட் நேரம் என்று ஏழாம் மாதம் வரை நானும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய அன்று அவர் சொன்னார்.

“நீ வேலைக்குப் போவாம இருந்திருந்தா புள்ள பொழச்சிருப்பான்.”

அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசவில்லை. மாசக்கணக்காக.

பங்குச் சாமியார் எங்களைத் தியானத்துக்குப் போகச் சொன்னதும் நான் தலையாட்டியதற்குக் காரணம் வேறு. அங்கிருந்து தாராபுரம் பக்கம். தாராபுரம் போனால் மதுரைக்கு பஸ். மதுரையிலிருந்து தூத்துக்குடி, அம்மா வீடு. ஞாயிற்றுக்கிழமை அப்படியே போய்விடுவது என்று முடிவு செய்து, என் சேலை எல்லாவற்றையும் பையில் வைத்திருந்தேன். திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

முதல் நாள் மாலை ஜெபம் முடிந்ததும் சமையல்கார அக்கா வந்து சொன்னார்.

“இனி ஞாயித்துக்கெழம பூசை முடியற வரைக்கும் ஆருகூடயும் பேசக் கூடாது கண்ணு. கொழம்பு வேணும்னா தட்டக் காட்டு, ஊத்தறேன்.”

எங்களுக்கா சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த மௌனம் வேறு. வீட்டில் நான் பேசாமல் இருந்தது அவரை நோகடிக்க. இங்கே எல்லோரும் பேசாமல் இருந்தார்கள், யார் மேலும் கோபமில்லாமல். பனையோலை உரசுவது கேட்டது. எங்கோ ஒரு மாட்டின் கழுத்து மணி... மெல்ல மெல்லக் காதில் இருந்த மெஷின் நின்றது. அது நின்றதும் பிள்ளையின் நினைவு வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவரை நான் ஒழுங்காக அழுததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மதியம் சாப்பிடப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அவர் சாப்பாட்டு அறை வாசலில் வந்து நின்றார். ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோய், கையை விரித்துக் காட்டினார். சாப்பிட்டாயா?

நிட்டிங் மெஷின் ஓடுகிற இடத்தில் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைப்பேச்சுதான். அவர் மெஷின் ஓட்டினார், நான் துணி செக்கிங். கல்யாணத்துக்கு முன்னால் அவர் என்னிடம் முதன்முதலாகக் கேட்டதும் இதே கேள்விதான், இதே கையால்.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோதும் அவர் அங்கேயே நின்றார். வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்திருந்தார்.

அதுவும் எங்கள் கம்பெனி சைகை. துணியில் ஓட்டை விழுந்தால் நான் தூக்கிக் காட்டுவேன். யார் மெஷினில் விழுந்ததோ அவர் தன் நெஞ்சில் கை வைப்பார். என் மேல்தான் தப்பு என்று அர்த்தம். வைத்துவிட்டு மெஷினை நிறுத்துவார்.

அவர் கையை எடுக்கவேயில்லை. நான் அழுதேன்... சத்தம் வராமல், முந்தானையைக் கடித்துக்கொண்டு. பிறகு எழுந்துபோய்த் தட்டை எடுத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து மணி அடித்ததும் எல்லோரும் கலகலவென்று பேசினார்கள். நாங்கள் மட்டும் பேசாமலே ரோட்டுக்கு வந்தோம். எதிர்ப்பக்கம் நின்றால் பல்லடம் வழியாகத் திருப்பூர்; இந்தப் பக்கம் தாராபுரம் பஸ் தூரத்தில் தெரிந்தது. அவர் பையை என்னிடம் நீட்டினார்.

“தூக்கும்போதே தெரிஞ்சிச்சு. போணும்னா போ. நான் தடுக்க மாட்டேன்.”

பஸ் வந்து நின்றது. “தாராபுரமுங்களா?” என்றார் கண்டக்டர்.

“இல்லீங்க” என்றேன். பஸ் நகர்ந்ததும் கணவரிடம் சொன்னேன்.

“அந்தப் பக்கம் வாங்க. பல்லடம் பஸ் அங்கதான நிக்கும்.”

இப்போது அந்த மண்பாதை தார் ரோடு. காட்டில் காற்றாலைகள் சுற்றுகின்றன. தியான இல்லத்தில் பெரிய ஹால் கட்டி ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். அவருடைய காதை மெஷின் தின்றுவிட்டது. பிறகு பிறந்த எங்கள் மகள் அவரிடம் கத்திக் கத்திப் பேசிக் களைத்துப்போகிறாள். எனக்குக் கை போதும்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும், பிள்ளையின் குழியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அவர் இன்னமும் நெஞ்சில் கை வைக்கிறார். அன்றைக்கு அந்தக் கை எனக்கு வேண்டியிருந்தது. இப்போது மெதுவாகப் பிடித்து இறக்கிவிடுகிறேன்.