சனிக்கிழமைகளில் அவள் ஓட்டிய கார்

என் பொண்டாட்டி நாப்பத்தேழு வயசுல கார் ஓட்டக் கத்துக்கிட்டா. நான் சிரிச்சேன். ரெண்டு தடவை டெஸ்ட்ல ஃபெயிலாகி, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தப்பவும் சிரிச்சேன். மூணாவது தடவை லைசென்ஸைக் கொண்டாந்து என் தட்டுக்குப் பக்கத்துல வச்சு, "இப்ப சிரிங்க"ன்னா. அப்புறம் எங்க சிரிக்கிறது, வாயை மூடிக்கிட்டு சாப்பிட்டேன்.

அவ பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க். வேலைக்கு நடந்தே போயிடுவா. கார் சனிக்கிழமைக்கு மட்டும்தான். ஊருக்கு அந்தக் கோடியில அவளோட அக்கா, ஒரு பக்கம் கை கால் விழுந்து எட்டு வருஷமா படுக்கையில இருக்காங்க. காலையில போனா இருட்டறப்பத்தான் திரும்புவா. அப்படி என்னதான் பேசுவீங்கன்னு கேட்டா, உங்களைத்தான் திட்டுவோம்னு சொல்வா. வாரம் பூரா இந்த வீட்டுக்கும் ஆபீசுக்கும் உழைக்கிறவளுக்கு, அந்த ஒரு நாள்தான் சொந்த நாள். அது எனக்கும் தெரியும்.

அவளுக்கு வலது தோள் சரியில்ல. பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுலேருந்து கை காதுக்கு மேல போகாது. அதனாலதான் பவர் ஸ்டீரிங் வச்ச வண்டியாப் பார்த்து வாங்கினோம்.

எனக்கு மருந்துக்கடை. முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தருக்கும் மருந்து மாத்திக் கொடுத்ததில்லன்னு எனக்கு ஒரு திமிரு. அதோட ஒரு கிறுக்கும் உண்டு. எந்த ஆயில் வந்தாலும் டப்பாவுலேருந்து பழுப்பு மருந்து பாட்டிலுக்கு மாத்தி, என் கையெழுத்துல லேபிள் ஒட்டினாத்தான் தூக்கம் வரும். பிரேக் ஆயில், ஸ்டீரிங் ஆயில் எல்லாம் அப்படித்தான் அலமாரியில வரிசையா நிக்கும்.

வண்டியைத் திருப்பினா முனகுதுன்னு ஒரு நாள் சொன்னா. மெக்கானிக்கைக் கேட்டேன், வண்டியைக் கொண்டாங்க, பழைய ஸ்டீரிங் ஆயிலை மாத்திடலாம்னார். ஆயில் மாத்தறதுக்கு அவர் எதுக்கு, எனக்குக் கையில்லையான்னு ஞாயித்துக்கிழமை காலையில நானே இறங்கிட்டேன். கடையிலேருந்து பெரிய சிரிஞ்ச் எடுத்து வந்தேன். அவளை சீட்ல உட்கார வச்சு இஞ்சினைப் போடச் சொன்னேன். நான் பழசை உறிஞ்சி எடுத்து புதுசை ஊத்தணும், அவ ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பணும். அப்புறம் மறுபடி உறிஞ்சணும்.

பாட்டில்ல லேபிள் ஈரம் பட்டு உரிஞ்சு போயிருந்துச்சு. வலது பக்கத்துலேருந்து ரெண்டாவது, ஸ்டீரிங் ஆயில்தான்னு எடுத்துட்டேன். பழுப்புக் கண்ணாடியில உள்ள இருக்கறது என்ன நிறம்னு தெரியாது. சிரிஞ்சுல ஏத்தறப்ப அவதான் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா.

"என்னங்க, வாங்கிட்டு வந்த அன்னைக்கு சிவப்பா இருந்துச்சே. தரையில சிந்தினதை நான்தானே துடைச்சேன். இது வெளுப்பா இருக்கே."

"பாட்டில் பார்க்கறது என் பொழப்பு. நீ திருப்பற வேலையைப் பாரு."

அவ திருப்பினா.

கடை எங்க தெருமுனையிலேயே. நான் வண்டியைத் தொடறதே இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சாமானை ஏத்திட்டு வரலாம்னு எடுத்தேன். கேட்டைத் தாண்டித் திருப்ப முடியல. எருமையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருந்துச்சு. இறங்கிப் பார்த்தா, அடியில சொட்டுச் சொட்டா எண்ணெய். இதையா எட்டு சனிக்கிழமை அந்தத் தோளை வச்சுக்கிட்டு ஓட்டினா?

மெக்கானிக் மூடியைத் திறந்து ஒரு விரல் தொட்டு மோந்து பார்த்தார். ரப்பரெல்லாம் ஊறி உப்பிப் போச்சு, இதுல பிரேக் ஆயிலை ஊத்தின புண்ணியவான் யாருன்னு கேட்டார். யாரோ தெரிஞ்சவர்னு சொன்னேன். அவ பக்கத்துல நின்னா. நான் பொய் சொல்றதைக் கேட்டுக்கிட்டு தரையைப் பார்த்துக்கிட்டே நின்னா. அந்த நிமிஷத்தை நினைச்சா இன்னிக்கும் என் கன்னத்துல நானே அறைஞ்சுக்கலாம் போல இருக்கு.

வீட்டுக்கு வந்து, ஏன் சொல்லலன்னு கேட்டேன். கேட்கறதுக்கும் ஒரு மூஞ்சி வேணுமே.

"சொன்னேன்ல, அன்னைக்கே," அப்படின்னா. கோபமாக்கூட சொல்லல.

வண்டி சரியாயிடுச்சு, இப்ப ஒத்தை விரல்ல திரும்புது. தோள்தான் சரியாகல. உள்ள கிழிஞ்சிருக்கு, இனிமே இந்தக் கையால வண்டி ஓட்டற நினைப்பே வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். அவ லைசென்ஸை எடுத்து, புடவைக்கு அடியில வச்சு பீரோவைச் சாத்தினா. நான் வாசல்படியில உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தா எனக்கென்ன.

இப்ப சனிக்கிழமை கடையைச் சாத்திட்டு நான்தான் கூட்டிட்டுப் போறேன். அவ அக்கா வீட்டு ஹால்ல உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கிட்டு இருப்பேன். அவசரமே இல்ல, இருட்டற வரைக்கும் இருன்னு ஒவ்வொரு வாரமும் சொல்லித்தான் உள்ள அனுப்பறேன். போன வாரமும் முக்கால் மணி நேரம் ஆகறதுக்குள்ள நாற்காலி நகர்ற சத்தம். இன்னும் கொஞ்ச நேரம் இருடின்னு அவ அக்கா கெஞ்சறது கேட்டுச்சு.

"இல்லக்கா. அவர் காத்துக்கிட்டு இருக்கார்."