இருபத்தேழாம் எண் சீட்டு

விளையாட்டுப் பெட்டிகள் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். பெட்டிகளில் காய்களை அடுக்கி மூடி ஒட்டும் வேலை. ஒட்டுவதற்கு முன் காதருகே வைத்து ஒருமுறை குலுக்குவாள். ஒரு காய் குறைந்தாலும் சொல்லிவிடுவாள். பெட்டிக்குள் அவள் போடும் சீட்டில் தேதியும் அவளுடைய எண்ணும் இருக்கும்: இருபத்தேழு. பதினெட்டு வருடத்தில் அந்தச் சீட்டோடு ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை.

எல்லா ஆட்டங்களின் விதிகளும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் எதையும் ஆடியதில்லை. வீட்டில் ஆடியது ஒரே ஆட்டம், அதுவும் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் உண்டாக்கியது. தகர டப்பாவில் சில திருகாணிகளைப் போட்டு அவள் காதருகே குலுக்குவான். எத்தனை என்று அவள் சொல்ல வேண்டும். அடுத்து அவள் குலுக்குவாள், அவன் சொல்ல வேண்டும். ஒருநாளும் அவன் சரியாகச் சொன்னதில்லை. தோற்ற பிறகு அவளுடைய காதைப் பிடித்துத் திருகி, இதைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்வான்.

ஐந்து மாதங்களுக்கு முன் அவன் இரண்டாம் மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். எலும்புகள் கூடின. பேச்சு கூடவில்லை. கண்கள் எப்போதும் சுவரில் இருந்தன. மனைவி ஊட்டினாலும் செவிலி ஊட்டினாலும் அவனுக்கு ஒன்றுதான்.

மறுவாழ்வுப் பயிற்சி நிலையத்தில் அவனைப் பார்த்துக்கொண்ட பயிற்சியாளர் ஒருநாள் அவளைத் தனியே அழைத்தார்.

“மூணு வாரத்துல பெரிய டாக்டர் சோதிப்பாரும்மா. நீங்க ஒண்ணு செஞ்சா அவர் பதிலுக்கு ஒண்ணு செய்யணும். இப்படி மூணு சுத்து வந்தாப் போதும், இங்கேயே வச்சுக்குவோம். வரலேன்னா காப்பகம்தான்.”

காப்பகம் ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் போகிற தூரம். மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்க விடுவார்கள்.

ஒருவர் மாற்றி ஒருவர் செய்வது என்றால் அது ஆட்டம்தானே? அவள் மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, கீறல் விழுந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோனாள்.

முதலில் பாம்பும் ஏணியும். பகடையில் விழுந்த எண்ணிக்கைக்கு நகர வேண்டும். ஏணி கிடைத்தால் ஏற வேண்டும், பாம்பு வாய் கிடைத்தால் வாலுக்கு இறங்க வேண்டும். யோசிக்கத் தேவையில்லை, உருட்டினால் போதும். அவன் உருட்டவில்லை. இருவருக்கும் அவளே உருட்டினாள். அவனுடைய காய் நூறைத் தொட்டது. ஜெயித்துவிட்டீர்கள் என்று கை தட்டினாள். அவன் சுவரைப் பார்த்தான்.

லூடோவில் ஆறு விழுந்தால்தான் காய் வீட்டைவிட்டு வெளியே வரும். பகடையை அவன் கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் மீட்க முடிந்தது. செக்கர்ஸில் காய்கள் குறுக்காக மட்டுமே நகரும். எதிரியின் காயைத் தாண்டினால் அது வெட்டு. வெட்டட்டும் என்று தன் காய்களை அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒன்றையும் அவன் தொடவில்லை. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் மேல் விரலை வைத்துக் கொடுத்தாள். விரல் வைத்த இடத்திலேயே இருந்தது.

கடைசியில் சதுரங்கம். குதிரை இரண்டு கட்டம் நேரே போய் ஒன்று திரும்பும், வழியில் யார் நின்றாலும் தாண்டும் என்றாள். ராஜா ஒரு கட்டத்துக்கு மேல் நகர முடியாது என்றாள். ராணியைக் கையில் எடுத்து அவன் கண்முன் நீட்டினாள்.

“இவ எந்தப் பக்கம் வேணும்னாலும் எவ்ளோ தூரம் வேணும்னாலும் ஓடலாமாங்க. நானும் ஓடாத இடமில்ல. ஒரு தடவ என்னப் பாருங்களேன்.”

வாசலில் நின்ற கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. காப்பகத்துக்கான படிவத்தை அவன் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தான்.

“விடுங்க அண்ணி. செவுத்துல பந்து போட்டாக்கூடத் திரும்பி வரும்.”

சோதனை நாள் வந்தது. பந்தை உருட்டிப் பார்த்தார்கள். கட்டைகளை அடுக்கிப் பார்த்தார்கள். அசைவில்லை. மூன்றாவதாகப் பயிற்சியாளர் புத்தம் புதிய லூடோ பெட்டி ஒன்றைப் பிரித்தார். பலகை வந்தது, பதினாறு காய்கள் வந்தன, பகடையைப் போட்டுக் குலுக்கும் குப்பி வந்தது. பகடை இல்லை. சீட்டு மட்டும் பறந்து மேசைமேல் விழுந்தது. இருபத்தேழு.

தேதியைப் பார்த்தாள். அவன் விழுந்த நாள். அன்று மூடியைக் கையில் எடுத்தபோதுதான் தொலைபேசி வந்தது. குலுக்காமலே ஒட்டிவிட்டு ஓடியிருந்தாள்.

பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பகடை இருந்தாலும் பலன் இருக்காது என்று சொல்லி, ‘பதில் இல்லை’ என எழுதத் தொடங்கினார்.

“நான் கட்டுன பெட்டிங்கய்யா,” என்றாள். இருபத்தேழாம் எண்ணின் ஒரே பிழை, அவனுக்கெதிராகவே வந்து நின்றிருந்தது.

திருப்பி வைப்பதற்காகக் காய்களை அள்ளிக் குப்பியில் போட்டாள். கைப்பழக்கத்தில் குப்பி காதருகே போனது. ஒருமுறை குலுங்கியது.

அவன் தலை சுவரிலிருந்து திரும்பியது.

சில காய்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கொட்டினாள். குப்பியை உள்ளங்கையால் மூடி, அவன் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினாள். பிறகு அவன் மூன்று விரல்களை நீட்டினான்.

குப்பியைக் கவிழ்த்தாள். ஐந்து.

“தப்பாச் சொல்றாரே,” என்றார் டாக்டர்.

“அவர் எப்பவும் தப்பாத்தாங்க சொல்வாரு.” அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. “இப்ப அவர் முறைங்க.”

அவன் காய்களை எடுத்துப் போட்டான். ஒன்று தரையில் உருண்டது, யாரும் குனியவில்லை. அவள் காதருகே குப்பி குலுங்கியது. பதினெட்டு வருடம் தவறாத காதில் இப்போது அவளுடைய நெஞ்சின் சத்தம் மட்டுமே கேட்டது.

“ரெண்டு,” என்றாள்.

அவன் கவிழ்த்தான். நான்கு. அவற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். உதடு கோணியது. துரு ஏறிய கதவு நகர்வதுபோல் ஒரு குரல் வந்தது.

“தோத்துட்டே.”

பயிற்சியாளர் மெல்ல ஒரு விரலை மடக்கினார். இன்னும் இரண்டு சுற்று இருந்தது. டாக்டர் எழுதியதை அடித்துவிட்டுப் பேனாவை மூடியதை அவள் கவனிக்கவில்லை. அவன் குப்பியை அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான்.