அம்பாரத்துக்குள் கிடந்த அரிசி

வன்னியபெருமாள் அண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. உப்பளத்துக்குக் காவல்காரர் என்று பெயர். எதிரே நாய் வந்தால் கையில் இருக்கும் கம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். கேட்டால், "கம்பப் பாத்தா அதுக்குக் கோவம் வரும்லா, தேவகனி" என்பார். அளத்தை ஒட்டி ஓலை வீடுகளில் குடியிருந்தோம். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஓர் ஓலைத் தட்டிதான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழை. மழை விழுந்துவிட்டால் அளத்தில் எங்களுக்கு வேலை கிடையாது, கூலியும் கிடையாது. வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களை ஓலையால் மூடிவிட்டுத் தை பிறக்கும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். அந்த வருஷம் அரிசி விலை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பையை எடுத்துக்கொண்டு கடைக்கு நடக்கும்போதே எனக்குக் கை வேர்க்கும், இன்றைக்கு என்ன சொல்வார்களோ என்று. ரேஷனில் கிடைத்தது பாதி வாரத்துக்குக் காணாது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று பிள்ளைகளுக்குச் சோறு என்பதே மறந்துபோயிற்று.

கடைக்காரர் மந்திரமூர்த்தி அண்ணாச்சி எங்களுக்கெல்லாம் கடன் கொடுக்கிறவர். டவுனில் அதிகாரிகள் குடோன்களில் ஏறிப் பதுக்கல் பிடிக்கிறார்கள் என்று பேச்சு. அந்த நேரத்தில் ஒரு நாள் மத்தியானம், மழை விட்டிருந்தபோது, உப்பு லாரியில் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அளத்துக்கே வந்து இறங்கினார். இதெல்லாம் பிறகு செல்லக்கனி மதினி, வன்னியபெருமாள் அண்ணன் சம்சாரம், எனக்குச் சொன்னது.

"ஏலே வன்னியம், கொஞ்ச நாளைக்கு இது உன் அம்பாரத்துக்குள்ள கெடக்கட்டும். உப்புக்குள்ள எவன்லே அரிசியத் தேடப்போறான்?"

"பிடிச்சா என்னயல்லா அண்ணாச்சி உள்ள வைப்பாவ?"

"பிடிச்சாத்தானலே? ஏன், நாளப்பின்ன என் கடைக்கு நீ வரவேண்டாமா?"

அண்ணன் போய் மண்வெட்டியை எடுத்து வந்தார். கடைசி அம்பாரத்தைக் குடைந்து மூட்டைகளை உள்ளே தள்ளி, உப்பை மேலே இழுத்துவிட்டு, ஓலை போட்டு மூடினார்கள்.

அன்றோடு மனிதருக்குத் தூக்கம் போயிற்று. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். மின்சார வாரியத்து ஜீப்பாக இருந்தாலும் நிற்பார். போலீஸிடம் பயம், அண்ணாச்சியிடம் பயம், எல்லாவற்றையும்விட எங்களிடம் பயம். பசித்தவர்கள் நடுவில் அரிசிக்குக் காவல் இருப்பது எப்படிப்பட்ட பிழைப்பு, சொல்லுங்கள். கொட்டுகிற மழையிலும் சாக்கைத் தலைக்கு மேல் கொங்காணி போட்டுக்கொண்டு அம்பாரங்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள் சந்தனமாரிக்கு அதுதான் மாசம். கிழங்கு வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் மயங்கி விழுந்தாள். செல்லக்கனி மதினி அழவில்லை. புருஷனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அண்ணன் எழுந்து மழையில் போனார், துண்டில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். பட்டப்பகலில் அந்த வீட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

கதவைச் சாத்தலாம், சோறு வேகிற வாசனையைச் சாத்த முடியுமா? தட்டி வழியாக என் வீட்டுக்குள் வந்தது. மானத்தை விட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"மதினி, வடிச்ச கஞ்சி இருந்தா கொஞ்சம் ஊத்துங்க."

மதினிக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, ஊற்றினார். வீட்டுக்கு வந்து உப்புப் போடப் போனவள், ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஏற்கெனவே கரித்தது. அடுப்படி உப்பு இல்லை அது. மழையில் கரைந்து இறங்கிய பச்சை அளத்து உப்பின் கசப்பு. பிறந்ததிலிருந்து அந்த உப்பில் நிற்கிற எனக்கு, அந்த அரிசி எங்கே கிடந்தது என்று யாராவது வந்து சொல்ல வேண்டுமா? இது வெளியே தெரிந்தால் அண்ணன் கதி என்ன என்று நடுங்கினேன். என் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தேன். பிறகு மறுபக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். சொன்னதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் பொம்பிளைகள் எல்லோரும் ஓலைப்பெட்டியும் சுளகுமாக அளத்துக்கு நடந்தோம். எந்த அம்பாரம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களைப் பார்த்ததும் அண்ணன் ஓட்டமாக ஓடிப் போய்க் கடைசி அம்பாரத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பாவி மனிதர், வேறு எங்காவது நின்றிருக்கக் கூடாதா?

"வேண்டாம் தாயி, என்னக் கொன்னுருவாவ," என்று கும்பிட்டார். ஒருத்தியும் அவரைத் தொடவில்லை. சுற்றிப் போய்ப் பின்பக்கம் தோண்டினோம்.

மத்தியானத்துக்குள் சேதி கடைக்குப் போய்விட்டது. அண்ணாச்சி நடந்தே அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தேன். அடி விழப்போகிறது, போலீஸ் வரப்போகிறது, வீடு வீடாகப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். அண்ணாச்சி சத்தமே போடவில்லை. குனிந்து, ரகசியம் போலக் கேட்டார்.

"எவன்கிட்டயாவது எம் பேரச் சொன்னியாலே?"

"இன்னும் சொல்லல அண்ணாச்சி."

சத்தியமாகச் சொல்கிறேன், வன்னியபெருமாள் அண்ணனுக்கு யாரையும் மிரட்டத் தெரியாது. கேட்டதற்குப் பயந்துபோய் உள்ளதைச் சொன்னார். ஆனால் அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார்.

"சொல்லிராதலே, வன்னியம். ஒனக்கு என்ன வேணும்னாலும் கேளு. என்ன வேணும்?"

அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அதற்கும் பயந்துபோய், என்ன சொல்வதென்று தெரியாமல், அண்ணன் அழ ஆரம்பித்தார்.